வெறும் பெட்டிக்குப் புகை

1912 ஜூலை 9, செவ்வாய்

இன்று இரண்டாம் தேன்பூச்சிப் பெட்டியைத் திறந்தேன். துரைசாணி சொல்லிவிட்டுப் போன வரிசை ஒன்றும் பிசகவில்லை. வெயில் பெட்டியின்மேல் விழும்வரை காத்திருந்தேன். புகைத் துருத்தியில் சாக்குத் துண்டைப் பற்றவைத்துப் பெட்டி வாசலில் இரண்டு ஊது ஊதினேன். ஒரு தாலாட்டுப் பாடி முடிக்கிற நேரம் சும்மா நின்றேன். அப்புறம்தான் நெம்பு இரும்பு. அதன் தட்டை முனையை மூடிக்கு அடியில் கொடுத்து, சத்தம் வராமல் எழுப்ப வேண்டும். வளைந்த முனையை அடை கட்டியிருக்கும் சட்டத்தின் காதில் மாட்டி மேலே தூக்க வேண்டும். அடையில் மொய்த்திருக்கும் பூச்சிகளை வாத்து இறகால் ஒதுக்க வேண்டும். கையால் ஒதுக்கினால் கொட்டு நிச்சயம்.

நாலு பெட்டியும் நன்றாக இருக்கின்றன. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரும் இல்லை. அதனால் தோட்டத்து வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வாங்கி மிச்சம் வைத்த கொப்பியில் எழுதுகிறேன். அவர் போய் நாலு வருடம் ஆகிறது, கொப்பி மட்டும் இன்னும் புதுசாகவே இருக்கிறது.

துரைசாணி பிள்ளைகளோடு சீமைக்குக் கப்பலேறி ஒரு மாதம். இத்தனை பெண்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் என்னை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நீ பூ வைக்காது. சந்தனம் இல்லை. வாசம் இல்லை. பூச்சிக்கு நீ ரொம்ப நல்லது" என்றார். எது இல்லை என்று இத்தனை நாள் என்னைத் தள்ளி நிறுத்தினார்களோ, அதற்காகவே ஒருத்தி கூப்பிட்டு வேலை கொடுத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் 'தேங்க்ஸ்' என்று சொல்லி வைத்தேன்.

துரைக்குப் பூச்சிகளைப் பிடிக்காது. பக்கத்தில் வரவே பயம். துரைசாணி போன அன்றைக்கே பங்களா வராந்தாவில் நின்றபடி சொல்லிவிட்டார்: "பூச்சி இருக்கும், நீ இருக்கும். பூச்சி போகும், நீ போகும்." இலக்கணம் கொஞ்சம் குறைதான், ஆனால் விளங்காமல் போக அதில் ஒன்றுமில்லை. விறகுக் கொட்டகைக்குப் பக்கத்து அறை, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள். இவ்வளவும் அந்தப் பூச்சிகளின் தயவு.

ஜூலை 14, ஞாயிறு

பூனாகலையிலிருந்து கொழுந்தனார் சுந்தரலிங்கம் கடிதம். "அண்ணி, தனியாக அங்கே கிடந்து என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கே ஒரு வாய்ச் சோற்றுக்குக் குறைவில்லை. அன்னலட்சுமியும் பிள்ளைகளோடு தனியாகத் திண்டாடுகிறாள்."

சோற்றுக்குக் குறைவில்லைதான். அவர் காரியம் முடிந்து மூன்று மாதம் அங்கே இருந்தவள் நான். அடுப்படியில் படுக்கை. வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் கொழுந்தனார் பெண்சாதி அன்னலட்சுமி கண்ணைக் காட்டுவாள், நான் எழுந்து பின்பக்கம் போய்விட வேண்டும். கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் நான் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், "அக்கா, அந்தப் பருப்பைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?" என்பாள். மூன்று மாதத்தில் நாலு பக்கம் படித்தேன். பருப்பு ஒருநாளும் தீயவில்லை.

போக மாட்டேன். பூச்சி இருக்கிற வரைக்கும் போக மாட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

துருத்தியின் தோல் வெடித்துப் புகை பின்பக்கமாக என் கண்ணுக்கே வந்தது. பண்டாரவளைக்கு நடந்துபோய், தகர வேலை செய்யும் ஸலீம் நானாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தங்கச்சி இது, கொல்லன் துருத்தி குட்டி போட்டுருச்சா?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆட்டுத்தோல் வைத்துத் தைத்து, மூக்கையும் நேராக்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இதைக் கேட்டுச் சிரிக்க ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கடைசியில் மூன்றாம் பெட்டிக்குச் சொன்னேன். பைத்தியம் என்று யாராவது நினைத்திருப்பார்கள், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காற்று ஒரு வாரமாக நிற்கவில்லை. பெட்டிகளின்மேல் கல் தூக்கி வைத்தேன்.

பெட்டிகளுக்குப் பின்னால் உள்ள மலையில் கொழுந்து எடுக்கும் இராக்கம்மா, பிள்ளைக்கு இருமல் என்று தேன் கேட்டு வந்தாள். வாய் நிறைய வெற்றிலை. ஒரு மலைக்குக் கேட்கிற குரலில்தான் ரகசியமே பேசுவாள். "வாத்தியாரம்மா, ஒரு கரண்டி குடுத்தீங்கன்னா போதுங்க" என்றாள். அரைப் போத்தல் கொடுத்தேன். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாத்தியார் வீட்டில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஆட்களை வாசலோடு அனுப்புவதுதான் வழக்கம். இப்போது வாத்தியாரும் இல்லை, வீடும் இல்லை, வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செப்டெம்பர் 3, செவ்வாய்

நெம்பு இரும்பு உடைந்துவிட்டது.

காற்றில் மூன்றாம் பெட்டியின் மூடி முறுக்கி இறுகியிருந்தது. அழுத்தினேன். தட்டை முனை பாதியோடு போய்விட்டது. துரைசாணியின் சாமான். வேறு வழியில்லாமல் பங்களாக் குசினியிலிருந்து தோசைத் திருப்பியை வாங்கி வந்து நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஏழு கொட்டு. இடது கண் மூடிக்கொண்டது. வராந்தாவில் நின்ற துரை சிரித்துவிட்டு உள்ளே போனார். ஒரு கண்ணால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கிறது.

செப்டெம்பர் 8, ஞாயிறு

தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் உள்ள பட்டறைக்குப் போனேன். முருகையா ஆசாரியிடம் இதுவரை நான் பேசியதே இல்லை. தாளில் இரும்பின் வடிவத்தை வரைந்து கொண்டுபோயிருந்தேன். வெகு நேரம் பார்த்தார்.

"இது என்ன பண்ணுங்க?"

"மூடியைத் தெறக்கும். சட்டத்தைத் தூக்கும். ஒட்டுன மெழுகைச் சொரண்டும்."

"அப்ப கடப்பாரை, கொக்கி, கொத்துக் கரண்டி, மூணும் ஒன்னுல."

"ஆமாங்க. ஆனா சத்தம் வரக் கூடாது."

"சத்தம் போடாத கடப்பாரை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தாளை மடித்துக் காதில் செருகிக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 12, வியாழன்

ஆசாரி இரும்பைக் கொண்டுவந்து கொடுத்தார். தேயிலைச் செடி வெட்டித் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியைக் காய்ச்சி அடித்ததாம். துரைசாணியுடையதைவிட மெல்லிசு, கனமும் குறைவு. கட்டைவிரல் வைக்கிற இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் தட்டியிருக்கிறார். அதில் என் விரல் சரியாக உட்காருகிறது. என் கையை எப்போது அளவெடுத்தார்?

நாலு பெட்டியையும் திறந்து மூடிப் பார்த்தேன். தேவையே இல்லை. சும்மா.

அக்டோபர் 19, சனி

ஆயுத பூசை. காலையிலேயே ஆசாரி வந்து இரும்பைக் கேட்டார். எதற்கு என்றேன். "ஆயுதம்னா ஆயுதந்தாங்க. மலையில ஓடுற கத்தி, மம்பட்டி எல்லாம் வந்துருச்சு. ஒங்க இரும்பு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். நான் தயங்கினேன். என்னுடையதைப் போய் அங்கே எப்படி... அவர் கையை நீட்டியபடியே நின்றார். கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டோருக்குப் போனேன். உள்ளே போகவில்லை. மழைக்கு ஒதுங்கினவள் மாதிரி தாழ்வாரத்தின் ஓரமாக நின்றுகொண்டேன். ரோதைச் சக்கரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. கீழே வாழையிலை விரித்து வரிசையாகக் கவ்வாத்துக் கத்திகள், மம்பட்டிகள், ஆசாரியின் உளிகள், தையற்காரரின் கத்தரிக்கோல். நடுவில் என் இரும்பு. அதற்கும் சந்தனம் பூசி, அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். பெரிய கங்காணி கற்பூரத் தட்டைச் சுற்றும்போது அதையும் சேர்த்துத்தான் சுற்றினார். நான் அழுதேன். மழைச் சாரல் முகத்தில் அடித்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆசாரி அதை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னைக்குத் தொடாதீங்க. நாளைக்கு விஜயதசமி. இதை வச்சு ஒரு வேலையத் தொடங்கிருங்க. சும்மா கிடக்க விடக் கூடாது." இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடி வைத்தேன். அறை முழுக்கக் கற்பூர வாசம்.

அக்டோபர் 20, ஞாயிறு

பத்து மணிக்கு மழை விட்டது. திறக்கிற நாள் இல்லைதான். ஆனாலும் தொடங்க வேண்டுமே.

எனக்குத் தெரியாமல் இல்லை. வாசம் ஆகாது என்று துரைசாணி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கழுவிவிடலாம் என்று சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன். இரும்பை எடுத்தேன். நடுவில் அந்தக் குங்குமம் காய்ந்து அழகாக ஒட்டியிருந்தது. அதை நானே என் கையால் கழுவுவதா? ஒரு தடவை அழித்தது போதாதா? தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். கொஞ்சம் வாசம்தானே, புகை போட்டால் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று பெட்டி திறந்தேன். மூன்றிலும் ஒரே கதை. பூச்சிகள் என்னைக் கொட்ட வரவில்லை. அடையை விட்டுவிட்டு, தண்ணீர் வழிகிற மாதிரி ஓரத்துக்கு ஓடின. உள்ளே ஒரே இரைச்சல். இப்படி நான் பார்த்ததே இல்லை. நாலாவதைத் தொடுவதற்குள் மழை வந்துவிட்டது.

நாளைக்குள் சரியாகிவிடும்.

அக்டோபர் 21, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

பதினோரு மணிக்கு ஒன்னாம் பெட்டி. அது பறந்து முடியறதுக்குள்ள மூணாவது. ரெண்டாவது மத்தியானம். கையில துருத்தியை வச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு நிக்கிறேன். புகை போட்டா நிக்குமா? தண்ணி தெளிச்சுப் பார்த்தேன். மண்ணள்ளி வீசினேன். சவுக்கு மரத்துக்கு மேலே போய், அந்தப் பக்கம் பள்ளத்துல இறங்கிருச்சு.

நீ என்னடி செஞ்ச? அறிவிருக்கா? தெரியும்ல? தெரிஞ்சுதானே செஞ்ச?

அக்டோபர் 24, வியாழன்

மழை. நாலாவதும் போய்விட்டது. அதை நான் தொடவே இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

துரை குதிரையில் போகிறவர் வேலியோரம் நிறுத்தி, "பூச்சி நல்லா?" என்று கேட்டார்.

"நல்லாங்க" என்றேன்.

போய்விட்டார். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்றே தெரியவில்லை. வெளியே பார்த்தால் நாலு பெட்டியும் அப்படியேதான் இருக்கின்றன. அவர் பக்கத்தில் வரப்போவதில்லை. துரைசாணி வர இன்னும் ஆறு மாதம். அதற்குள் எங்கிருந்தாவது ஒரு கூட்டம் வந்து அடையாதா? மெழுகு வாசம் இருக்கிற பெட்டிக்குத் தானாகவே பூச்சி வரும் என்று துரைசாணியே சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 8, வெள்ளி

தீபாவளி. இராக்கம்மா இலையில் நாலு பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

நவம்பர் 19, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் பெட்டி திறக்கிற நாள். அதனால் செவ்வாயும் வெள்ளியும் திறக்கிறேன். துருத்தியைப் பற்றவைக்கிறேன். வாசலில் இரண்டு ஊது. தாலாட்டு நேரம் நிற்கிறேன். வலைத் தொப்பியும் போட்டுக்கொள்கிறேன், துரை வராந்தாவில் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் அது. இரும்பைக் கொடுத்து மூடியைச் சத்தமில்லாமல் எழுப்புகிறேன். சட்டத்தைத் தூக்குகிறேன். காய்ந்த அடை, அதில் அந்துப்புழு நூல் கட்டியிருக்கிறது. ஒன்றுமில்லாத இடத்தில் வாத்து இறகால் ஒதுக்குகிறேன். கூத்தாடிகூட யாராவது பார்ப்பார்கள் என்றுதான் ஆடுவான். துரை பத்திரிகையிலிருந்து தலையை எடுப்பதில்லை. இருந்தும் நான் ஒன்றைக்கூட விடுவதில்லை.

இன்றைக்கு ஒரு சட்டத்தைத் தூக்கும்போது பயந்து கையை இழுத்துக்கொண்டேன். எதற்குப் பயந்தேன்?

பூச்சி இருந்தபோது நான் இவ்வளவு தனியாக இல்லை. நாலு பெட்டி இரைச்சல் ராப்பகலாகச் சுவரோடு கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

புகை போட்டு முடித்துத் திரும்பினால் பின்னால் இராக்கம்மா. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கூடையோடு நிற்கிறாள்.

"வாத்தியாரம்மா, ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"பூச்சி இல்லாத பெட்டிக்கு எதுக்குங்க இம்புட்டுப் பொகை?" வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? நாங்க நாப்பது பேரு தெனம் இதுக்குப் பின்னாலதான கொழுந்தெடுக்கிறோம். முன்னெல்லாம் கழுத்துல உக்காரும், காதுல வந்து இரையும். ஐப்பசியில இருந்து ஒன்னையும் காணோம்."

"கங்காணிக்கு?"

"அவருக்கும் தெரியும். தொரைக்குத்தான் தெரியாது. நாங்க ஏங்க சொல்லப் போறோம்?"

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். ஆறு வாரமாக நான் ஆடிய கூத்தை மலை முழுக்கப் பார்த்திருக்கிறது! பார்த்துவிட்டு லயத்தில் போய்ச் சிரித்திருப்பார்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். அப்புறம் வெகு நேரம் கழித்துத்தான் தோன்றியது: நாற்பது பேர். ஒருத்திகூடச் சொல்லவில்லை. சொன்னால் துரையிடம் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

டிசம்பர் 15, ஞாயிறு

துரை கூப்பிட்டு அனுப்பினார். கிறிஸ்மஸுக்கு மறுநாள் பதுளையிலிருந்து ஒரு துரையும் துரைசாணியும் வருகிறார்களாம். அந்தத் துரைசாணிக்குத் தேன்பூச்சி பார்க்க ஆசையாம். "வியாழக்கிழமை நீ எல்லாப் பெட்டியும் திறக்கும். நல்லா காட்டும்."

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

டிசம்பர் 22, ஞாயிறு

ஆசாரிக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. காட்டோரத்தில் ஒரு மரப்பொந்தில் கூட்டம் இருக்கிறது, பிடித்து வருகிறேன் என்று விடியற்காலையில் சாக்கோடு போனார். மத்தியானம் வந்தார். முகம் பானை மாதிரி வீங்கியிருந்தது, சாக்கில் உடைந்த அடையும் கொஞ்சம் செத்த பூச்சியும். "ராணி எதுன்னு தெரியலைங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றார். கொட்டின இடத்தில் சுண்ணாம்பு தடவக் கொடுத்தேன்.

"நல்லாத்தான இருந்துச்சு, ஏங்க போயிருச்சு?" என்று கேட்டார்.

"மழைங்க" என்றேன்.

உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷர் இனி எந்தப் பூசையிலும் நிம்மதியாக நிற்க மாட்டார். அவர் செய்தது தப்பில்லை. நான் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாததுதான் தப்பு.

டிசம்பர் 26, வியாழன்

முடிந்தது.

துரையும் விருந்தாளித் துரையும் தள்ளி நின்றார்கள். அந்தத் துரைசாணி வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து நின்றாள். நான் துருத்தியைப் பற்றவைத்தேன். இரண்டு ஊது. தாலாட்டு நேரம் நின்றேன். இன்றைக்குக் காலையில்தான் பறந்து போயிற்று என்று சொல்லலாம் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். அழகான பொய். அந்துப்புழுவைப் பார்த்து நாளைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர்களுக்கு விவரம் போதாது.

இரும்பைக் கொடுத்து மூடியை எழுப்பினேன். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெட்டிகளுக்குப் பின்னால் மலையில் பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. நாற்பது பேரும் கொழுந்தெடுக்கிற கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் அந்தப் பொய் வரவில்லை.

"பறந்து போயிருச்சுங்க, தொரை. ஐப்பசி மாசமே போயிருச்சு."

"ரெண்டு மாசம்? நீ புகை போட்டது? எதுக்கு?"

"நான் இங்க இருக்கிறதுக்குங்க."

விருந்தாளித் துரை அதை ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தத் துரைசாணி சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "மாசம் முடியும், நீ போகும்" என்றார் துரை. கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும். துருத்தி, இறகு, தொப்பி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுப் பங்களாவில் கொடுத்துவிட்டேன். மாசம் முடிய ஐந்து நாள்தான் இருக்கிறது. பூனாகலைக்குக் கடிதம் எழுதிப் போட்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

இராக்கம்மா வந்தாள். இந்தத் தடவை உள்ளே வா என்றேன். பாயை விரித்துப் போட்டதும் கூச்சப்பட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"பூனாகலைக்கா போறீங்க?"

"வேற எங்க போறது?"

"ஏன், இந்தத் தோட்டத்துல கூடை இல்லையா? எங்க லயத்துக் காம்பிராவுல நானும் புள்ளையுந்தான் கிடக்கோம். ஒரு தடுப்புக் கட்டுனா முடிஞ்சுச்சு. கங்காணிகிட்ட நான் பேசுறேன்."

நானா? கூடையா? வாத்தியார் வீட்டுப் பெண் கூடை எடுக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம். கையிருப்பு ஒன்றும் இல்லாமல் கிடந்த மாதத்தில்கூட அதைத் தளர்த்தவில்லை. அவர் காய்ச்சலில் கிடந்தபோது இராக்கம்மாவைப் போல நாலு பேர் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களையும் நான் உள்ளே கூப்பிடவில்லை. என்னைத் தள்ளி நிறுத்திவிட்டார்கள் என்று இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேனே, பாதித் தூரம் தள்ளிப் போனது யார்?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிங்க, யோசிங்க. ஆள் எண்ணுற பெரட்டு விடியத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

1913 ஜனவரி 5, ஞாயிறு

மாசம் முடிந்தும், பூனாகலையிலிருந்து ஆள் வரும்வரை இருந்துகொள்ள துரை விட்டார். இன்றைக்கு சுந்தரலிங்கம் மாட்டு வண்டியோடு வந்தார். என் துணிப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவரே தூக்கி வண்டியில் வைத்தார். நல்ல மனுஷர், அண்ணன் மாதிரியே நடை. வண்டியில் ஏறக் காலை வைத்தேன். அப்போதுதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குக் காலையில அன்னலட்சுமியோட தங்கச்சிக்குப் பரிசம் போடுறோம், நம்ம வீட்டுலதான். நீங்க மட்டும் பின்பக்கமா வந்து அடுப்படியிலயே இருந்துக்கிட்டீங்கன்னா..."

காலை எடுத்துவிட்டேன்.

"நான் வரலை தம்பி. பெட்டியை இறக்கிருங்க."

அவர் கெஞ்சினார். நான் என்ன சொல்லிட்டேன் அண்ணி என்றார். நான் கூடை எடுக்கப் போகிறேன் என்றதும், "அண்ணன் பேரு என்ன ஆகும்?" என்று கேட்டார். அண்ணனிடம் படித்த பிள்ளைகள் இந்தத் தோட்டத்தில் இருபது பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், அவர் பெயருக்கு ஒன்றும் ஆகாது என்றேன். கொண்டுபோக என்று எடுத்து வைத்திருந்த தேன் போத்தலை, பரிசத்துக்கு ஆகும் என்று கொடுத்தனுப்பினேன். வண்டி திரும்புகிறவரை நின்றேன். அழுகை வந்தது, ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை.

இராக்கம்மா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக லயத்துக்கு இறங்கினோம்.

ஜனவரி 17, வெள்ளி

இராக்கம்மா கங்காணியிடம் பேசி என் பெயரைப் பதியவைத்தாள், துரையும் தடுக்கவில்லை. கொழுந்து எடுக்கப் போய்ப் பத்து நாள் ஆகிறது. விரலெல்லாம் கறுத்து வெடித்திருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. கூடைக் கயிறு நெற்றியில் தழும்பாகிவிட்டது. கங்காணி தினமும் திட்டுகிறார், முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளுகிறேனாம். நியாயம்தான். மற்றவர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே எடுக்கிறார்கள், நான் வாயை மூடிக்கொண்டும் பாதிதான் எடுக்கிறேன். அவர்களும் என்னோடு பேசுவதென்றால் "வாத்தியாரம்மா, பார்த்துங்க", "வாத்தியாரம்மா, வழுக்கும்ங்க". அவ்வளவுதான்.

இன்றைக்குப் பத்து மணிக்குமேல் பனி இறங்கி மலையை மூடிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு என் நிரையிலேயே இருந்தேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் ஒருத்தருமில்லை. எல்லோரும் மேலே ஏறிப் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்றுகூடத் தெரியவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செடிகளுக்கு நடுவில் அப்படியே நின்றேன். பூனாகலைக்கே போயிருக்கலாமோ என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். பொய் எழுதி என்ன ஆகப் போகிறது.

அப்போது மேலே பனிக்குள்ளிருந்து இராக்கம்மா கத்தினாள்.

"அடியே தனலெட்சுமி! அங்கன நின்னுக்கிட்டு என்னடி பண்ற? கூடைய எடுத்துக்கிட்டு மேல வாடி! ஒன் நெரையையும் சேத்து நாந்தான் எடுக்கணுமாடி?"

அவளைச் சுற்றி இருந்தவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் அம்மா இறந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் என்னை ஒருவரும் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"வர்றேன்டி!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு, சத்தம் வந்த பக்கமாக ஏறினேன்.